காற்றுக்கு இரண்டே நிலை: மாணவர் ரோபோக்களில் நியூமேட்டிக்ஸ்

போட்டிக்காக ரோபோ கட்டும் மாணவர் அணி எதுவானாலும், முதல் வாரத்திலேயே ஒரு வாக்குவாதம் வந்துவிடும்: இந்த ஆண்டு காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரஸர் வைப்பதா, வேண்டாமா? வைக்கலாம் என்பவர்கள் அந்தக் காற்றால் இயங்கும் சிலிண்டரின் வேகத்தையும் வலுவையும் சொல்வார்கள். வேண்டாம் என்பவர்கள் எடையையும் லீக்கையும் சொல்வார்கள். இரு தரப்பும் சொல்வது உண்மைதான். ஆனாலும் பெரும்பாலான அணிகளில் முடிவைத் தீர்மானிப்பது பழக்கம். சென்ற ஆண்டு வைத்தவர்கள் இந்த ஆண்டும் வைக்கிறார்கள். சென்ற ஆண்டு லீக்கால் ஓர் ஆட்டம் தோற்றவர்கள் அந்தப் பேச்சையே எடுக்கவிடுவதில்லை. காற்று எந்த வேலைக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்பதைப் பழக்கத்தை ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்ப்பது நல்லது.

இந்த வாக்குவாதம் மிகத் தீவிரமாக நடக்குமிடம் அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் போட்டி. டீன் கேமன் 1989-இல் தொடங்கிய ஃபர்ஸ்ட் அமைப்பு, 1992-இல் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் 28 அணிகளோடு முதல் போட்டியை நடத்தியது. இன்று ஆயிரக்கணக்கான உயர்நிலைப் பள்ளி அணிகள் அதில் மோதுகின்றன. ஒவ்வொரு ஜனவரியிலும் புதிய ஆட்டம் ஒன்று அறிவிக்கப்படும். சில வாரங்களுக்குள் ரோபோ தயாராக வேண்டும். பேட்டரியும் பம்பரும் நீங்கலாகப் பல ஆண்டுகள் 125 பவுண்டு, அதாவது 56 கிலோவை ஒட்டித்தான் எடை வரம்பு இருந்தது. ஆட்டம் ஏறத்தாழ இரண்டரை நிமிடம். ஒரே 12 வோல்ட் ஈய அமில பேட்டரி.

இந்தப் போட்டியின் விதிநூல் காற்றுக்கு மிகத் தெளிவான பாதை போட்டிருக்கிறது. ரோபோவில் ஒரே ஒரு கம்ப்ரஸர். அதன் வாயிலேயே, அழுத்தம் 125 பிஎஸ்ஐயை (சதுர அங்குலத்துக்கு 125 பவுண்டு) எட்டினால் தானாகத் திறந்து காற்றை வெளியேற்றும் ரிலீஃப் வால்வு. டாங்க் நிரம்பியதும் கம்ப்ரஸரை நிறுத்த ஒரு பிரஷர் சுவிட்ச். டாங்குகளில் அதிகபட்சம் 120 பிஎஸ்ஐ சேமிக்கலாம். அங்கிருந்து ரெகுலேட்டர் வழியே 60 பிஎஸ்ஐக்கு இறக்கிய பிறகுதான் காற்று வேலைக்குப் போகலாம். சேமிப்புப் பக்கத்துக்கு ஒரு கேஜ், வேலைப் பக்கத்துக்கு ஒரு கேஜ். எல்லாக் காற்றையும் கையால் திறந்துவிட எளிதில் எட்டும் இடத்தில் ஒரு வால்வு. பஞ்சர் கடையில் கார் டயருக்கு முப்பது, முப்பத்தைந்து பவுண்டு அடிக்கிறார்கள். அதே அளவுகோலில்தான் இந்த எண்களும் வருகின்றன. டயரைப் போல ஏறத்தாழ இரு மடங்கு அழுத்தத்தில் வேலை, நான்கு மடங்கை ஒட்டிய அழுத்தத்தில் சேமிப்பு.

வலுவைக் கணக்கிட அழுத்தத்தைப் பிஸ்டனின் பரப்பால் பெருக்கினால் போதும். முக்கால் அங்குல விட்டமுள்ள சிலிண்டர் 60 பிஎஸ்ஐயில் சுமார் 12 கிலோ எடைக்கு நிகராகத் தள்ளும். விட்டத்தை ஒன்றரை அங்குலமாக்கினால் அது 48 கிலோவாகும்: விட்டம் இரு மடங்கு, விசை நான்கு மடங்கு. திரும்ப இழுக்கும்போது தண்டின் குறுக்குப் பரப்பு கழிந்துவிடுவதால் விசை கொஞ்சம் குறையும். கைக்குள் அடங்கும் ஓர் உருளை, ஒரு நொடிக்குள், கியர் எதுவும் இல்லாமல், வளர்ந்த மனிதரைத் தள்ளி நிறுத்தும் விசையைத் தருகிறது. பதினைந்து வயது மாணவருக்கு இது பெரிய கவர்ச்சி.

ஆனால் இந்தக் கவர்ச்சியை வைத்து முடிவெடுத்தால் தவறான இடத்தில் காற்று வந்து உட்காரும். சிலிண்டருக்கு முழுக்க உள்ளே, முழுக்க வெளியே என்று இரண்டே நிலைகள். நடுவில் நிறுத்த நினைத்தால் காற்றே எதிரியாகிவிடும், அது அமுங்கக்கூடியது. இருபுறமும் அடைத்து நிறுத்தும் மூன்று நிலை வால்வுகள் உண்டு. ஆனால் பாரம் மாறினால் பிஸ்டன் நகரும், ரோபோ குலுங்கினால் ஆடும். தொழிற்சாலைகளில் இதற்கென்று விகிதாசார வால்வும் நிலை உணரியும் வைத்துச் சமாளிக்கிறார்கள். பள்ளி அணிக்கு அந்தப் பாடு வீண். இரண்டு சிலிண்டர்களைப் பின்பக்கம் பின்பக்கமாக ஒட்டி, வெவ்வேறு நீளத்தில் நான்கு நிலைகள் பெறும் தந்திரம் ஒன்று இருக்கிறது. அழகான தந்திரம்தான். என்றாலும் ஐந்தாவது நிலை வேண்டும் என்று சீசன் நடுவில் தெரியவந்தால் அங்கேயே நின்றுவிட வேண்டியதுதான்.

ஆகவே முதல் கேள்வி விசையைப் பற்றியது ஆகாது. இந்த உறுப்பு நடுவில் நிற்க வேண்டுமா? வேண்டும் என்றால் மோட்டார். வேண்டாம் என்றால் காற்றைப் பற்றி யோசிக்கலாம்.

யோசிக்கும்போது அடுத்து வருவது செலவு. அது விசித்திரமான செலவு. முதல் சிலிண்டரைப் பொருத்துவதற்கு கம்ப்ரஸர், டாங்க், சுவிட்ச், ரெகுலேட்டர், கேஜ்கள், வால்வுகளை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி என்று இரண்டு மூன்று கிலோ போய்விடும். இரண்டாவது சிலிண்டருக்கு ஒரு வால்வும் இரண்டு முழம் டியூபும் போதும். ஆறாவதுக்கும் அவ்வளவுதான். ஒரே ஒரு சிலிண்டருக்காகக் காற்று வைக்கும் அணி ஏமாந்த அணி. நான்கைந்து இடங்களில் இரண்டு நிலை வேலை இருக்கும் அணிக்கோ காற்றைவிட மலிவான வழி கிடையாது. வாக்குவாதத்தில் ஒருவர் ஒற்றைச் சிலிண்டரை மனதில் வைத்தும் மற்றவர் ஆறு சிலிண்டரை வைத்தும் பேசுவார்கள். அப்புறம் எப்படி ஒத்துப்போகும்?

காற்றின் இருப்புக் கணக்குதான் மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம்; அதைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். இந்தப் போட்டியில் பரவலாகப் புழங்கும் பிளாஸ்டிக் டாங்க் ஒன்றின் கொள்ளளவு 574 மில்லிலிட்டர். டாங்க் 120-இலிருந்து 60-க்கு இறங்கும்வரைதான் முழு வேலை அழுத்தம் கிடைக்கும்; அதாவது 60 பிஎஸ்ஐ இழப்பு. பிஸ்டன் நகர நகரச் சிலிண்டரில் புதிதாகத் திறக்கும் இடத்தை நிரப்பவோ, வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்துச் சுமார் 75 பிஎஸ்ஐ ஏற்ற வேண்டும். இந்த இரண்டு எண்களின் விகிதம்தான் கணக்கு: 574 மில்லி டாங்க், மொத்தம் சுமார் 460 மில்லி சிலிண்டர் இடத்தை ஒருமுறை நிரப்பும். அவ்வளவே. டியூபில் வீணாவது தனி.

இனி இதில் எண்களைப் போட்டுப் பாருங்கள். முக்கால் அங்குல விட்டம், நான்கு அங்குல நீளமுள்ள சிறு சிலிண்டரின் உள்ளிடம் 29 மில்லி. ஒரு டாங்க் பதினைந்து முறை நகர்த்தும். ஒன்றரை அங்குல விட்டம், பன்னிரண்டு அங்குல நீளம் என்றால் உள்ளிடம் 347 மில்லி. ஒரு டாங்க் இரண்டு முறைகூட முழுதாக நகர்த்தாது! வெளியே தள்ளினால் திரும்ப இழுக்கக் காற்று பற்றாது. நான்கு டாங்க் கட்டினாலும் மூன்று முறைகூட முழுதாகப் போய்வராது. மற்றதெல்லாம் கம்ப்ரஸர் ஆட்டத்தின் நடுவே அடித்துத் தர வேண்டியது. விதி அனுமதிக்கும் கம்ப்ரஸரோ நிமிடத்துக்கு ஒரு கன அடியை ஒட்டிய சிறு கம்ப்ரஸர். அதுவும் எதிரழுத்தம் இல்லாதபோதுதான் அவ்வளவு. டாங்க் நிரம்ப நிரம்ப அதன் ஓட்டம் குறைந்துகொண்டே போகும். "பெரிய சிலிண்டர் போட்டால் பாதுகாப்பு" என்ற எண்ணம் இங்கே அடிபட்டுப்போகிறது. தேவைக்கு மேல் ஒரு சுற்று பெரிய சிலிண்டர் போடுவது ஆட்டத்தின் கடைசி அரை நிமிடத்தில் கேஜ் முள் கீழே கிடப்பதற்கான உத்தரவாதம். வேண்டியதை அளந்து, மிகச் சிறியதைத் தேர்வது அணிகள் சில சீசன்கள் பட்ட பிறகே கற்கும் பாடம். திரும்பும் திசைக்கு அவ்வளவு விசை வேண்டாம் என்றால் அந்தப் பக்கத்துக்கு இன்னொரு ரெகுலேட்டர் வைத்துக் குறைந்த அழுத்தத்தில் இழுப்பதும் உண்டு. காற்றை மிச்சம் பிடிக்க அது நல்ல வழி.

ஆற்றல் என்று பார்த்தால் காற்று மிக ஏழை. 120 பிஎஸ்ஐயில் நிறைந்த அந்த டாங்கிலிருந்து அதிகபட்சம் 700 ஜூல் வேலை எடுக்கலாம்; திடீரென்று விரிந்தால் அதற்கும் குறைவு. பேட்டரியில் இருப்பது ஏழரை லட்சம் ஜூலுக்கு மேல். அந்தப் பேட்டரியிலிருந்து காற்றாக மாற்றும்போது பெரும்பகுதி வெப்பமாகப் போகிறது. ஓடி முடித்த கம்ப்ரஸரின் தலையைத் தொட்டவருக்கு இது தெரியும். அப்படியிருந்தும் ஏன் வைக்கிறார்கள் என்றால், காற்று அந்தச் சிறு ஆற்றலை ஒரே வீச்சில் தந்துவிடும். மோட்டார்கள் எல்லாம் ஒரே சமயம் இழுத்து பேட்டரியின் வோல்ட் சரியும் கணத்திலும் டாங்கில் அடைத்த காற்று அப்படியே இருக்கும்.

பத்தாண்டுகளுக்கு மேலாகக் காற்று ரோபோக்களில் செய்த மிகச் சாதாரண வேலை கண்ணுக்கே தெரியாதது: கியர் மாற்றுவது. ஆண்டிமார்க், வெக்ஸ் போன்ற நிறுவனங்கள் விற்ற இரண்டு வேக கியர்பெட்டிகளில் ஒரு சிறு சிலிண்டர் உட்கார்ந்திருக்கும். எதிரணி ரோபோவைத் தள்ள மெதுவான கியர், களத்தைக் கடக்க வேகமான கியர். இரண்டு நிலை, சிறு உள்ளிடம், ஆட்டத்துக்குப் பலமுறை. காற்றுக்கென்றே அளவெடுத்துத் தைத்த வேலை. ஓட்டும் மோட்டார்களின் திறனை ஆட்ட முடிவில் ஏறும் கயிற்றுக்குத் திருப்பிவிடும் கிளட்ச் ஏற்பாடும் அப்படித்தான்.

அடுத்தது, பந்தையோ பெட்டியையோ அள்ளும் முன்கை. அது பம்பரைத் தாண்டி வெளியே நீளும். முழு வேகத்தில் சுவரில் மோதும், மற்ற ரோபோவில் மோதும். மோட்டாரால் நீட்டிய கை மோதினால் அடி நேராகக் கியர் பல்லில் விழும். சிலிண்டரால் நீட்டிய கை பின்வாங்கும், அடி போனதும் தானே மீண்டும் நீளும். துல்லியத்துக்குக் குறையாக இருந்த அமுங்கும் குணம் இங்கே பாதுகாப்பாக மாறுகிறது. என் கணிப்பில் காற்றுக்காக வாதாடுபவர்கள் விசையையும் வேகத்தையும் விட்டுவிட்டு இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். 2018-இன் 'பவர் அப்' ஆட்டத்தில் பெட்டியைக் கவ்விய விரல்கள், 2019-இன் 'டீப் ஸ்பேஸ்' ஆட்டத்தில் ஒட்டுப் பட்டையில் தட்டு ஒன்றைப் பதித்துவிட்டு விலகிய உந்திகள் ஆகியவற்றில் பல அணிகள் சிலிண்டரை நம்பியதற்கும் இந்த எளிமையே காரணம். கவ்விப் பிடித்திருக்கக் காற்றுக்கு மின்சாரம் வேண்டாம். மோட்டார் நின்ற நிலையில் இறுகப் பிடித்தால் சூடேறும்.

எறிவது இன்னொரு கதை. 2010-இல் கால்பந்தை உதைக்க வேண்டியிருந்தது. 2014-இல் இரண்டடி விட்டமுள்ள உடற்பயிற்சிப் பந்தை எறிய வேண்டியிருந்தது. பெரிய சிலிண்டர் வைத்தால் பறக்கும் என்று நினைத்தவர்களுக்கு டியூபும் வால்வும் தடையாக வந்தன. டியூபின் வெளிவிட்டம் கால் அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது, வால்வின் துளைக்கும் வரம்பு உண்டு. சிலிண்டருக்குள் காற்று நிரம்பும் வேகம் அதற்கு மேல் ஏறாது. விவரமான அணிகள் கையை ஒரு கொக்கியில் மாட்டிவைத்து, பிஸ்டனுக்குப் பின்னால் முழு அழுத்தத்தையும் முதலில் ஏற்றிவிட்டு, பிறகு கொக்கியை மட்டும் விடுவித்தன. குறுகிய துளை அப்போது பொருட்டே இல்லை, காற்று ஏற்கெனவே உள்ளே காத்திருக்கிறது. எதிர்ப்பக்கத்துக் காற்று வெளியேறவும் வழி வேண்டும் என்பதை மறந்தவர்களுக்குப் பாதி எறிதான் கிடைத்தது.

வால்வைத் தேர்வதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அணிகள் அதை அலட்சியமாகக் கடக்கின்றன. மின்காந்தச் சுருளால் (சொலினாய்டு) இயங்கும் வால்வுகளில், ஒற்றைச் சொலினாய்டு வால்வு மின்சாரம் போனதும் ஸ்பிரிங்கால் பழைய நிலைக்குத் திரும்பும். இரட்டைச் சொலினாய்டு கடைசியாக எங்கே வைத்தோமோ அங்கேயே நிற்கும். ஆட்டம் முடிந்ததும் ரோபோக்கள் செயலிழக்கச் செய்யப்படும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இதன் கனம் புரியும். கம்பியில் தொங்கிக்கொண்டிருக்கும் ரோபோவின் பிரேக் ஒற்றைச் சொலினாய்டில் இருந்து, அதன் இயல்பு நிலை 'திறப்பு' என்றால், மணி அடித்ததும் ரோபோ கீழே வரும், புள்ளியும் போகும். அதனால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் 'மின்சாரம் போனால் எங்கே நிற்க வேண்டும்?' என்று வரைபடத்திலேயே எழுதிவைப்பது நல்லது.

ஆசியாவில் காற்று வேறு வழியில் வளர்ந்தது. ஜப்பானின் ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே நடத்திய மாணவர் ரோபோ போட்டிகளின் தொடர்ச்சியாக, ஆசிய பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியம் 2002-இல் டோக்கியோவில் ரோபோகானைத் தொடங்கியது. பல்கலைக்கழக அணிகள், மூன்று நிமிட ஆட்டம். நடத்தும் நாட்டின் மரபிலிருந்து ஆட்டம் எடுப்பார்கள். 2008-இல் புனேயில் உறியடி, 2015-இல் யோக்யகர்த்தாவில் பூப்பந்து, 2022-இல் டெல்லியில் லகோரி. எறிதல், அடித்தல், குத்துதல் அதிகம் வருவதால் காற்றுக்கு அங்கே இயல்பாகவே மதிப்பு. விதி 600 கிலோபாஸ்கல், அதாவது 6 பார் வரை அனுமதிக்கிறது. இது 87 பிஎஸ்ஐ. காற்றை வெளியே அடித்து எடுத்துவரலாம் என்பதால் ரோபோவில் கம்ப்ரஸரைச் சுமக்க வேண்டியதில்லை. அமெரிக்கப் பரிசோதகர்கள் பார்த்தால் பதறும் ஒன்று இங்கே சாதாரணம்: நல்ல நிலையில் உள்ள குளிர்பான பிளாஸ்டிக் பாட்டிலையே டாங்காக வைக்கலாம். வாயு நிறைந்த பானத்துக்காகச் செய்த பாட்டில் இந்த அழுத்தத்தைத் தாங்கும். எடையோ சில பத்து கிராம். அந்த எடை மிச்சத்தின் மதிப்பு ரோபோ கட்டியவருக்குத்தான் தெரியும். ஆனால் கீறல் விழுந்த பாட்டில், வெயிலில் கிடந்த பாட்டில், நூறு முறை நிரப்பிய பாட்டில் எல்லாம் வெளியே ஒன்றுபோலவே தெரியும். நம்மூர் வெயிலில் பயிற்சி செய்யும் அணிகள் பாட்டிலுக்குத் தேதி எழுதி, தயங்காமல் மாற்ற வேண்டும். மேலே துணியோ நாரிழை டேப்போ சுற்றிவைப்பதும் வேண்டும்.

பள்ளி மாணவர்களுக்கான வெக்ஸ் ரோபோ போட்டியில் இன்னொரு வகைச் சிக்கனம். ஆட்டத்துக்கு முன் பம்பால் 100 பிஎஸ்ஐ வரை அடித்துக்கொள்ளலாம். இரண்டு சிறு டாங்குகள்தான். ரோபோவில் கம்ப்ரஸர் கிடையாது. அடித்தது தீர்ந்தால் தீர்ந்ததுதான். சிறுவர்கள் ஒவ்வொரு அசைவையும் எண்ணிச் செலவிடுகிறார்கள். இருப்புக் கணக்கைக் கற்பிக்க இதைவிட நல்ல பள்ளி இல்லை. ஃபர்ஸ்டின் இன்னொரு பிரிவான ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச் காற்றை அடியோடு தடை செய்து தலைவலியை முடித்துக்கொண்டது.

இன்று ஃபர்ஸ்டின் பெரிய ரோபோக்களிலும் காற்று பின்வாங்குகிறது. காரணத்தைக் காற்றில் தேடுவதைவிட மோட்டாரில் தேட வேண்டும். முன்பு எந்த மோட்டாரை எத்தனை வைக்கலாம் என்பதற்குக் கடுமையான வரம்பு இருந்தது. சிலிண்டருக்கு அப்படி எண்ணிக்கை வரம்பு இல்லை. ஓட்டத்துக்கும் தூக்குவதற்கும் மோட்டார்களைச் செலவழித்த அணிக்கு மீதி வேலையைச் செய்யக் காற்றுதான் கிடைத்தது. பிறகு வரம்பு தளர்ந்தது. நெடுங்காலம் ஆண்ட சிம் மோட்டாரின் எடை 1.27 கிலோ. 2019 சீசனுக்கு வந்த நியோ பிரஷ்லெஸ் மோட்டார் அதன் வேலையை 0.43 கிலோவில் செய்தது. 2020-க்கு ஃபால்கன், 2024-க்கு கிராக்கன் வந்தன. சுழற்சியை அளக்கும் உணரி உள்ளேயே இருப்பதால், நடுவில் நிறுத்துவது சில வரி நிரலாகிவிட்டது. நான்கு சக்கரமும் தனித்தனியே திரும்பும் ஓட்டமுறை பரவியதும் வழக்கமான கியர் மாற்றும் சிலிண்டருக்கு வேலையே போயிற்று. ஆட்டங்களும் மாறின. 2025-இன் 'ரீஃப்ஸ்கேப்' நான்கு உயரங்களில் குழாய்களை வைக்கச் சொன்னது. அத்தனை நிலைகளில் நிற்கும் கைக்கு காற்று ஒத்துவராது.

பின்வாங்கல் முழுக்க நியாயமா? கைகளுக்கும் தூக்கிகளுக்கும் நியாயம். மோதல் வாங்கும் முன்கைக்கு அவ்வளவு நியாயம் இல்லை என்றே நினைக்கிறேன். பல அணிகள் காற்றைக் கைவிட்டதற்குக் காரணமாக இயற்பியலைச் சொல்கின்றன. கிளறிப் பார்த்தால் அடியில் கிடப்பது குழாய் வேலையில் ஒழுங்கின்மை. சாய்வாக வெட்டிய டியூப் ஃபிட்டிங்கில் முழுதாக உட்காராது, லீக் ஆகும். கூர்மையாக மடித்த டியூப் ஒரு மாதத்தில் அடைத்துக்கொள்ளும். டெஃப்லான் டேப்பை மரையின் முதல் சுற்றிலிருந்தே சுற்றினால் அதன் துணுக்கு உதிர்ந்து வால்வுக்குள் போய்ச் சிக்கும். முதல் இரண்டு மரையை விட்டுச் சுற்ற வேண்டும். இதை எந்தப் பிளம்பரும் சொல்வார், எந்தக் கணினி வரைபடமும் சொல்லாது. லீக்கைக் கண்டுபிடிக்க சோப்பு நீர் போதும். கம்ப்ரஸரை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் கழித்து முள்ளைப் பார்க்கும் வழக்கம் இருந்தால் பாதிப் பிரச்சினை போட்டிக்கு முன்பே தெரிந்துவிடும்.

பாதுகாப்பில் விதிநூல்கள் கடுமையாக இருப்பதைக் குறைசொல்ல இடமில்லை. சில நூறு ஜூல் சிறியதுதான், ஆனால் தெறிக்கும் பிளாஸ்டிக் துண்டு கண்ணை எடுக்க அது தாராளம். ஒரு வெள்ளை நிற டாங்க் மாடலை ஃபர்ஸ்ட் விதிநூல் தனியாகக் குறிப்பிட்டே விலக்கியது. டாங்கைத் துளைப்பது, ரிலீஃப் வால்வைத் திருகி ஏமாற்றுவது எல்லாம் மாற்றமில்லாத தடைகள். கைவேலை செய்யுமுன் காற்றை முழுக்க வெளியேற்றும் பழக்கம்தான் இவற்றில் முதன்மையானது. பேட்டரியைக் கழற்றியதும் ரோபோ செத்துவிட்டது என்று நம்புகிறவரின் விரல்மேல்தான் இரட்டைச் சொலினாய்டு சிலிண்டர் இறங்கும்.

இந்திய அணிகளுக்கு ஒரு வசதி கூடவே இருக்கிறது. சிலிண்டரும் வால்வும் செய்யும் ஜனாட்டிக்ஸ், கம்ப்ரஸர் செய்யும் எல்ஜி இரண்டும் கோயம்புத்தூர்க்காரர்கள். அழுத்தக் காற்றில் ஓடும் ஆலைகளும் அவற்றைப் பழுதுபார்க்கும் கைகளும் அந்த வட்டாரத்தில் ஏராளம். நம் இயந்திரப் பொறியியல் மாணவர் ஹைட்ராலிக்ஸும் நியூமேட்டிக்ஸும் ஒரு தாளாகப் படிக்கிறார். தேர்வில் சர்க்யூட் வரைந்து மதிப்பெண்ணும் வாங்குகிறார். பிரஷ்லெஸ் மோட்டாரும் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியும் பெரும்பாலும் இறக்குமதி. ஒன்று புகைந்தால் அடுத்தது வர வாரக்கணக்கில் ஆகலாம். சிலிண்டரின் சீல் போனால் அன்று மாலையே மாற்றிவிடலாம். அமெரிக்க அணிகள் காற்றைக் கைவிட்ட கணக்கை அப்படியே இங்கே நகலெடுக்காமல், ஒவ்வோர் இந்திய அணியும் தன் ரோபோவில் இரண்டு நிலை வேலைகள் எத்தனை இருக்கின்றன என்பதை முதலில் எண்ணட்டும். மூன்றுக்கு மேல் வந்தால் டாங்க் எங்கே வைப்பது என்று யோசிக்கத் தொடங்கலாம்.